உடையப்பன் தும்மியபோது சொன்னது

செங்கனேந்தலில் தும்மலோடு சேதியும் சேர்ந்து வரத் தொடங்கியது ஒரு மாசி மாதத்து வியாழக்கிழமை, வத்தல் சந்தை நாளில், காலை பத்து மணி வாக்கில். தன் கமிஷன் மண்டி வாசலில் நின்று ஏலம் கூவிக்கொண்டிருந்த சீனி ராவுத்தர், குண்டு மிளகாய் மூட்டையொன்றைப் பிரித்தபோது கிளம்பிய நெடியில் பலமாகத் தும்மினார். தும்மிய கையோடு, வானொலியில் செய்தி வாசிப்பவரின் குரலில், அதுவரை அவர் வாயில் வந்தறியாத சுத்தமான புத்தகத் தமிழில், "மிளகாய் நம் நாட்டில் தோன்றிய பயிர் அன்று; ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு போர்த்துகீசியர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது" என்று சொன்னார். பிறகு துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஏலத்தைத் தொடர்ந்தார்.

சந்தை சும்மா இருக்குமா? மூன்று தலைமுறையாக வத்தலை மட்டுமே நம்பிப் பிழைத்த ஊர் அது. "அப்ப ராசராச சோழன் மொளகா போடாத கொழம்பையா தின்னுட்டு அம்மாப் பெரிய கோயிலக் கட்டுனான்?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். ராவுத்தர் திருதிருவென்று விழித்தார். தான் தும்மியதுதான் அவருக்குத் தெரியும், பேசியது தெரியாது. "நான் எங்கய்யா சொன்னேன்?" என்று அவர் கேட்க, "நீங்கதான் சொன்னீக" என்று நாற்பது பேர் சொல்ல, அந்த வாக்குவாதம் முடிவதற்குள் சண்டைக்கு வந்தவருக்கே தும்மல் வந்தது. அவர், "கிளி முதலான பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை" என்று சொல்லி நிறுத்தினார். கூட்டம் வாதத்தை விட்டுவிட்டு ஏலத்துக்குத் திரும்பியது.

ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்க அப்படி ஆனது. பேருந்து நிலையத்து டீ மாஸ்டர் தும்மி, "ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள்; அதன் இரத்தம் நீலம்" என்றார். காவல் நிலையத்தில் ஆடு காணாமல் போன புகாரை எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தும்மி, ஆஸ்திரேலியாவில் வாம்பட் என்ற பிராணி சதுரம் சதுரமாகச் சாணி போடும் என்று அறிவித்தார். புகார் கொடுக்க வந்தவன் தன் ஆட்டை மறந்து, அது எப்படி ஐயா முடியும் என்று கால் மணி நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தான். ஒரு கல்யாண வீட்டில் தாலி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தும்மி, உலகத்திலேயே மிகக் குறுகிய போர் சான்சிபார் தீவில் நடந்தது, நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது என்று சொன்னார். அதைக் கேட்ட பெண் வீட்டார் இது நல்ல சகுனம்தான் என்று முடிவுகட்டினார்கள். தமிழின் முதல் பேசும் படத்தில் கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கிலேயே பதில் சொன்னான் என்பதும் இப்படித் தும்மி வந்ததுதான். அதைச் சொன்ன முடிதிருத்துபவரிடம், அப்படியே குடும்பம் நடத்துகிறவர்கள் நம் தெருவிலேயே உண்டு என்றார்கள்.

உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார் தேவசகாயம் முதல் பதினைந்து நாள் வந்த சேதிகளை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டு, பரமக்குடி நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் புத்தகமாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்றுகூடப் பொய்யில்லை, ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை என்று திரும்பி வந்து சொன்னார். ஏன் இப்படி என்று அவரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. வந்த சேதியை என்ன செய்வது என்பதுதான் ஊருக்கு முக்கியமாக இருந்தது. முன்பெல்லாம் யாராவது தும்மினால் பக்கத்தில் இருப்பவர் "நூறு" என்று ஆயுசு சொல்வார். இப்போது அதோடு, தும்மியவர் "என்ன சொன்னேன்?" என்று கேட்கவும், பக்கத்தில் இருப்பவர் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்லவும் வேண்டும் என்று வழக்கமானது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. ஒருவர் தும்மலை இன்னொருவர் மாற்றிச் சொல்வது என்பது, அடுத்தவர் இலையிலிருந்து எடுத்துத் தின்பதுபோல ஆகிவிட்டது.

இந்தத் திருப்பிச் சொல்லும் வேலையில் பேர்போனவர்கள் ராவுத்தரின் சரக்குக் கிட்டங்கியில் வத்தலுக்குக் காம்பு கிள்ளும் பெண்கள். நாற்பது பேர் தரையில் வரிசையாக உட்கார்ந்து, செக்கச்செவேலென்ற குவியலுக்கு நடுவே நாள் முழுக்கக் கிள்ளுவார்கள். அவர்கள் மூக்கு எந்த நெடிக்கும் அசையாது. மூட்டை இறக்க வருகிறவன், விலை கேட்க வருகிறவன், வழி கேட்க வருகிறவன் எல்லோரும் உள்ளே கால் வைத்ததும் தும்ம, இவர்கள் கிள்ளுவதை நிறுத்தாமலே கேட்டு, சொல் பிசகாமல் திருப்பிக் கொடுப்பார்கள். அவர்களுக்குள்ளும் ஞாபகம் கெட்டி என்று பெயர் எடுத்தவள் முத்துராக்கு.

முத்துராக்குவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பேச்சு குறைவு. சிரிப்பு அதைவிடக் குறைவு. யாராவது வேடிக்கையாகப் பேசினால் உதட்டை உள்ளே மடித்து, முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். ஒரே மகளைக் கமுதியில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. புருசன் உடையப்பன் குட்டியானை வண்டி ஓட்டி, மிளகாய்க் காடுகளிலிருந்து மூட்டை ஏற்றி வந்து கிட்டங்கியில் இறக்குகிறவர். நல்ல மனுசன், குடி இல்லை, கோபம் இல்லை, ஒரே ஒரு கிறுக்கு உண்டு. இளவட்டமாக இருந்த காலத்தில் அவர் ஊர்க் கொட்டகையில் படம் ஓட்டும் ஆபரேட்டர். அங்கே நாற்பத்தோரு நாள் ஓடிய ஒரு படத்தில், கதாநாயகன் சைக்கிளோடு வரப்பிலிருந்து சேற்றில் விழும்போது கதாநாயகி ஒரு சிரிப்புச் சிரிப்பாள். தமிழ்நாடே அந்தச் சிரிப்பில் மயங்கியது. முதலில் தொண்டைக்குள் குமிழி குமிழியாகக் கிளம்பி, நடுவில் ஒரு நொடி மூச்சு நின்று, இனி வராது என்று நினைக்கும்போது அணை உடைந்ததுபோல வரும். தினம் இரண்டு காட்சியாக அதைக் கேட்ட உடையப்பன் முப்பத்தியிரண்டு வருசமாக அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கைபேசி வந்ததும் அதையே மணிச் சத்தமாக வைத்துக்கொண்டார். வண்டி ஓட்டும்போது அது அடித்தால், முழுக்கச் சிரித்து முடிந்த பிறகுதான் எடுத்துப் பேசுவார். "எப்படிச் சிரிக்கிறா பாத்தியா ராக்கு, இந்த மாதிரி ஒரு பொம்பளைக்குச் சிரிக்க வருமா?" என்று பெண்டாட்டியிடமே கேட்பார். அவள், "ம்" என்பாள்.

பங்குனி பிறந்து பத்து நாளிருக்கும். உடையப்பன் மூட்டையோடு கிட்டங்கிக்குள் வந்தார். முத்துராக்கு வரிசையின் முதலில், வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி நிமிர்ந்தவர், கூரையைப் பார்த்து, கண்ணை மூடி, வாயைத் திறந்து, கிட்டங்கி அதிரத் தும்மினார். தும்மிவிட்டு, அந்தச் செய்திக் குரலில் சொன்னார்:

"புகழ்பெற்ற அந்தத் திரைப்படத்தில், கதாநாயகன் சேற்றில் விழும்போது கேட்கும் சிரிப்பு கதாநாயகியுடையது அன்று. சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதினேழு முறை சிரித்து, பதினெட்டாம் முறை சரியாக வந்த அந்தச் சிரிப்பு, செங்கனேந்தல் கருப்பையா மகள் முத்துராக்குவுடையது."

நாற்பது பேரின் விரல்களும் நின்றன. அந்தக் கிட்டங்கியில் காம்பு ஒடியும் சத்தம் பகல் பொழுதில் நின்றது அன்றைக்குத்தான்.

உடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த பெண்டாட்டியைப் பார்த்து, சின்னப் பிள்ளை மிட்டாய்க்குக் கை நீட்டுவதுபோல, "நூறு சொல்லு. என்ன சொன்னேன்?" என்றார்.

முத்துராக்கு குனிந்து ஒரு வத்தலை எடுத்தாள். அதன் காம்பைக் கிள்ளினாள்.

"நூறு," என்றாள். "வண்ணத்துப்பூச்சி காலால ருசி பாக்குமாம்."

"அட!" என்றார் உடையப்பன். "காலாலயா? அப்ப அது நிக்கிற எடமெல்லாம் அதுக்குச் சாப்பாட்டுத் தட்டு!" என்று சந்தோசமாக வெளியே போய் வண்டியை எடுத்தார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்தது. பக்கத்தில் இருந்த சந்தனமேரிதான் முதலில் வாய் திறந்தாள். அவளும் முத்துராக்குவும் ஒரே வருசம் அந்தக் கிட்டங்கிக்கு வேலைக்கு வந்தவர்கள்.

"வண்ணத்துப்பூச்சி எங்கிட்டு இருந்து வந்துச்சு மதினி?"

"போன வாரம் தபால்காரர் தும்முனது. வெளிய யாருக்கும் போயிருக்காது."

"அது போகட்டும். நீ சிரிச்சியா? நெசமாவா?"

"தும்மல் எப்பப் பொய் சொல்லிச்சு?" என்றாள் முத்துராக்கு. அதற்குமேல் யாரையும் கேட்க விடாமல் கிள்ளத் தொடங்கினாள்.

நடந்தது இதுதான். அவளுக்குப் பத்தொன்பது வயதில், கண்மாய்க்கு அந்தப் பக்கம் வத்தல் காயப்போட்ட களத்தில் அந்தப் படத்தைப் பிடித்தார்கள். வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தில் அவளும் நின்றாள். கதாநாயகன் சேற்றில் விழுந்ததும் ஒரு சிரிப்புக் கேட்டது. டைரக்டர் கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டு, யார் சிரித்தது என்று கூட்டத்துக்குள் இறங்கி வந்தார். நடிகைக்கு எவ்வளவு முயன்றும் அப்படி வரவில்லை. கடைசியில் கூட்டம் கலைந்த பிறகு முத்துராக்குவின் அப்பாவிடம் தனியாகப் பேசி, அவளையும் துணைக்கு அவள் அத்தையையும் ரயிலேற்றிச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். வடபழனியில் ஓர் அறை, மூன்று நாள், பதினெட்டுச் சிரிப்பு, வழியனுப்பும்போது ஒரு நீலச் சேலை. ஊரில் திருச்செந்தூருக்குப் போனதாகச் சொன்னார்கள். அடுத்த மாதம் உடையப்பன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது, சினிமாவில் சிரித்தவள் என்று தெரிந்தால் அந்த வாசலை மிதிக்க விடமாட்டார்கள் என்று அப்பா தன் தலையில் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். கல்யாணம் ஆகி நாலாம் மாதம் படம் வந்தது. கொட்டகையில் பெண்கள் பக்கத்து மணலில் மாமியாரோடு உட்கார்ந்து, தன் சிரிப்பை வேறொரு பெண்ணின் வாயில் அவள் பார்த்தாள். மேலே ஆபரேட்டர் அறையின் சின்ன ஜன்னலில் புருசனின் முகம், வெளிச்சத்துக்குப் பக்கத்தில், வாயைப் பிளந்துகொண்டு அதைக் கேட்டதையும் பார்த்தாள்.

அன்று மாலைக்குள் உடையப்பனைத் தவிர ஊர் முழுக்கச் சேதி தெரிந்தது. ஊர் அதைத் தன் வழக்கப்படி ஏற்றுக்கொண்டது. அவள் தெருவில் போனால் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் மரியாதையாகக் காலை இழுத்துக்கொண்டார்கள். கிட்டங்கியில் இதுவரை தரையில் உட்கார்ந்தவளுக்கு யாரோ ஒரு மணைப்பலகை கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண் பிள்ளைகள் கிட்டங்கி வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் உடையப்பனிடம் யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் தும்மியவரிடம் தும்மலைத் திருப்பிச் சொல்லும் உரிமை பக்கத்தில் இருந்தவருக்குத்தான், அவர் சொல்லாததை இன்னொருவர் சொல்வது முறையில்லை.

உடையப்பனோ தன் வண்ணத்துப்பூச்சியை ஊர் முழுக்கச் சுமந்து திரிந்தார். டீக்கடையில் சொன்னார், எல்லோரும் தலையாட்டிவிட்டு டம்ளரைப் பார்த்தார்கள். ராவுத்தரிடம் சொன்னார்; அவர் "அப்படியா, சந்தோசம்" என்று ஏலத்துக்குப் போய்விட்டார். தேவசகாயம் வாத்தியார் வீட்டுக்குப் போய், "நோட்டுல என் பேருக்கு நேரா எழுதுங்க சார்" என்றார். வாத்தியார் நோட்டைத் திறந்தார், பேனாவை மூடினார், மறுபடி திறந்தார், மை தீர்ந்துவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். வெளியே வந்த உடையப்பன் வண்டியில் ஏறாமல் நின்றார். ஏட்டையாவின் சதுரச் சாணிக்கு இந்த ஊர் ஒரு வாரம் சண்டை போட்டது. என் வண்ணத்துப்பூச்சியை மட்டும் ஏன் ஒருத்தரும் எதிர்த்துக் கேட்கவில்லை?

மறுநாள் காலையில் ராவுத்தர் கிட்டங்கிக்குள் வந்து, முத்துராக்குவுக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார். முப்பது வருசத்தில் முதலாளி அப்படி உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"ராக்கு, உன் வீட்டு விசயத்துல நான் தலையிடக் கூடாது. ஆனா இந்த ஊர்ல யாரும் யாரு தும்மலையும் மாத்திச் சொன்னதில்ல."

"எங்கப்பாவுக்குச் சத்தியம் பண்ணிருக்கேன் மொதலாளி."

"உங்கப்பா மவுத்தாகி எத்தனை வருசமாச்சு? நேத்து அந்த மனுசன் வாத்தியார் வீட்டு வாசல்ல தன்னந்தனியா நின்னாரு. ஊரே ஒண்ணத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஒரு ஆள மட்டும் வெளிய நிறுத்துறது பாவம். நீ சொல்லு. வேற யாரும் சொல்லிக் கேட்டா அவரு தாங்க மாட்டாரு."

அன்று மத்தியானம் உடையப்பன் சாப்பிட வீட்டுக்கு வந்தார். முத்துராக்கு சோறு போட்டு, மீன் குழம்பை ஊற்றி, அவர் இரண்டு வாய் சாப்பிடும் வரை பொறுத்திருந்தாள்.

"அன்னைக்கு நீங்க தும்முனது வண்ணத்துப்பூச்சி இல்லங்க," என்றாள்.

பிறகு அவர் சொன்னதைச் சொன்னபடியே, சொல் பிசகாமல், பதினேழு, பதினெட்டு உட்பட, திருப்பிச் சொன்னாள். சென்னை, அத்தை, நீலச் சேலை, சத்தியம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவர் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு உடையப்பன் கேட்டார். "போனதுல எனக்கு ஒண்ணும் இல்ல ராக்கு. அத்தையோடதான போன. ஆனா இத்தனை வருசமா நான் அந்தச் சிரிப்ப உங்கிட்டயே போட்டுக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். பைத்தியக்காரன் மாதிரி. ஒரு நாளாவது இந்த வீட்டுல, எனக்கு முன்னால, அந்தச் சிரிப்ப நீ சிரிச்சிருக்கலாம்ல?"

"சிரிச்சேனே."

"எப்ப?"

"கல்யாணமாகி மூணாம் மாசம். நீங்க இங்கனயேதான் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க. கோழி ஒண்ணு உங்க தட்டுல வந்து ஏறிருச்சு, நீங்க அத விரட்டப் போயி குழம்புச் சட்டிய மடியில கவுத்துக்கிட்டீங்க. எனக்குத் தாங்கல, சிரிச்சுட்டேன். உங்கம்மா வாசல்ல இருந்து வந்து, 'பொம்பள சத்தம் தெருவரைக்கும் கேக்குது, இது என்ன கூத்தாடி வீடா'ன்னாங்க." அவள் மீன் குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். "நீங்க என்னையும் பாத்தீங்க, அம்மாவையும் பாத்தீங்க. ஒண்ணுமே சொல்லல. குனிஞ்சு மறுபடி சாப்பிட்டீங்க."

உடையப்பனுக்குக் கோழி ஞாபகம் வந்தது, குழம்பின் சூடு ஞாபகம் வந்தது. சிரிப்பு ஞாபகம் வரவில்லை. எவ்வளவோ தேடியும் வரவில்லை. அந்த வருசம் அதே சிரிப்பைக் கொட்டகையில் நாற்பத்தோரு நாள் வாயைப் பிளந்து கேட்ட மனுசனுக்கு, அடுப்பங்கரையில் இரண்டு முழம் தள்ளிக் கேட்டது காதிலேயே ஏறியிருக்கவில்லை. அவர் கையைத் தட்டிலேயே கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

இரண்டு நாள் அவர் வண்டி எடுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கட்டிலைப் போட்டு, சட்டை போடாமல், வெயில் நகர நகரக் கட்டிலையும் நகர்த்திக்கொண்டு கிடந்தார். முத்துராக்கு சோற்றை வைத்தாள், எடுத்தாள், வேலைக்குப் போனாள். ஊர் தும்முவதைக்கூட அடக்கிக்கொண்டதாகச் சொல்வார்கள்.

மூன்றாம் நாள் வெயில் ஏறிய நேரத்தில் உடையப்பன் கிட்டங்கிக்கு நடந்தே வந்தார். மூட்டை இல்லை. நேராகப் போய்ப் பெண்கள் வரிசையில், முத்துராக்குவுக்கும் சந்தனமேரிக்கும் நடுவில் இருந்த இடத்தில், வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வரிசையில் ஆம்பளை உட்கார்ந்ததே இல்லை. சந்தனமேரி அரையடி தள்ளிக்கொண்டாள். உடையப்பன் ஒரு வத்தலை எடுத்தார், காம்பைக் கிள்ளினார், வத்தல் உடைந்து விதை மடியில் கொட்டியது. அடுத்ததும் உடைந்தது. பத்து உடைந்த பிறகு பதினொன்றாவதில் காம்பு மட்டும் வந்தது.

"இப்படியா?" என்றார், பெண்டாட்டியைப் பார்க்காமல்.

"நகத்த வச்சு அழுத்தாதீங்க. திருகுங்க."

திருகினார். "அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும் ராக்கு," என்றார். "சிரிச்சா சிரிக்கட்டும்மா, விடுங்கன்னு ஒரு வார்த்தை. வாயில சோறுதான் இருந்துச்சு, கல்லா இருந்துச்சு?"

நாற்பது பேரும் கேட்டார்கள். யாரும் தலை நிமிரவில்லை. முத்துராக்கு அடுத்த வத்தலை எடுத்தாள். உடையப்பனுக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும், அல்லது நெடியாகவும் இருக்கலாம். அவர் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், அத்தனை வத்தல் கிள்ளிய அதே இரண்டு கையாலும், இரண்டு கண்ணையும் அழுத்தித் துடைத்தார்.

"ஐயோ, கைய எடுங்க!" என்று முத்துராக்கு கத்துவதற்குள் காரியம் முடிந்திருந்தது.

உடையப்பன் எழுந்தார். எழுந்து குதித்தார். குதித்த வேகத்தில் வத்தல் குவியலுக்குள் முழங்கால் வரை இறங்கி, அதிலிருந்து வெளியே வர ஒரு காலை எடுத்து, எடுத்த காலைத் தராசுத் தட்டில் வைத்து, தராசு சாய, ஆளும் சாய, காம்புக் கூடை ஒன்று தலையில் கவிழ, அந்தக் கூடையோடே திசை தெரியாமல் முற்றத்துக்கு ஓடி, கட்டியிருந்த ராவுத்தரின் ஆட்டுக் கிடாயைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி! தண்ணிய ஊத்துங்கடா!" என்று அதனிடம் கெஞ்சினார்.

முத்துராக்கு அவரைப் பிடிக்கத்தான் பின்னாலேயே ஓடி வந்தாள். கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்ற புருசனையும், அவரை வெறித்துப் பார்த்த கிடாயையும் கண்டதும் உதட்டை உள்ளே மடித்தாள். முந்தானையைத் தேடினாள். அது கைக்கு அகப்படவில்லை. முதலில் தொண்டைக்குள் குமிழி குமிழியாகக் கிளம்பியது. நடுவில் ஒரு நொடி மூச்சு நின்றது.

சந்தையில் ஏலம் நின்றது. டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ குவளைக்கும் குவளைக்கும் நடுவில் நின்றது. தமிழ்நாடே கேட்ட சிரிப்பு, முப்பது வருசம் வயதேறி, கொஞ்சம் கரகரப்பு ஏறி, முன்னைவிடப் பெரிதாக, ராவுத்தர் கிட்டங்கி முற்றத்திலிருந்து பேருந்து நிலையம் வரைக்கும் போனது.

மூட்டை தூக்கும் ஆட்கள் நாலு பேர் உடையப்பனைத் தொட்டிக்கு இழுத்துப் போய், குனியவைத்து, வாளி வாளியாக முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணை இறுக்க மூடியபடி, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய, இரண்டு கையையும் மேலே தூக்கி அவர்களைத் தடுத்தார்.

"நிறுத்துங்கப்பா," என்றார். "தண்ணிச் சத்தத்துல கேக்க மாட்டேங்குது."